போன் எங்கே இருக்க வேண்டும், எப்போது அணைய வேண்டும்: கொழும்பு வீடுகளுக்கான செய்முறை

"ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் விடலாம்?" பிள்ளை எந்நேரமும் போனோடு என்று முறைப்படும் பெற்றோர் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். இதற்கு விடை உண்டு, கீழே வருகிறது. ஆனால் மணிக்கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு தொடங்கினால் இரண்டாம் வாரத்திலேயே சட்டம் கிழிந்துவிடும். வீட்டில் சத்தம் எழும்புவது பார்க்கிற நேரத்தில் இல்லை, நிறுத்துகிற நேரத்தில். அதனால் எங்கே பார்ப்பது, எப்போது தொடங்குவது, எதில் முடிப்பது என்ற மூன்றையும் முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். பூட்டுப் போடுகிற ஆப் எல்லாம் கடைசி. ஆப்பை முதலில் போட்டால், பிள்ளைக்குப் பூட்டு உடைக்கிற புது விளையாட்டு ஒன்று கிடைக்கும். அதில் பெரும்பாலும் பிள்ளைதான் வெல்லும்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள்

ஒரு பழைய கொப்பியை எடுத்து ஏழு நாளைக்கு எழுதுங்கள். எந்த நேரம், எந்தக் கருவி, என்ன பார்த்தது, ஏன் கொடுக்கப்பட்டது. கடைசியில் வருகிற அந்த 'ஏன்'தான் முக்கியம். "சோறு தீத்த", "நான் சமைக்க", "மிஸ் வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினா", "வேனில் அழுதான்", "அம்மம்மா கொடுத்தா" என்று எழுதிக்கொண்டே வந்தால், பிள்ளை கேட்டு வாங்கிய நேரத்தைவிடப் பெரியவர்கள் தங்கள் வசதிக்காகக் கொடுத்த நேரம் கூடுதலாக இருப்பதைப் பல வீடுகளில் காணலாம். அது குற்றமில்லை. ஆனால் அந்த நேரங்களைக் குறைப்பதற்கு பிள்ளையைத் திருத்த வேண்டியதில்லை, வீட்டு ஒழுங்கை மாற்ற வேண்டும்.

எழுத மறந்த நேரத்தைப் போனே சொல்லும். அன்ட்ரொய்டில் செட்டிங்ஸுக்குள் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோனில் 'ஸ்க்ரீன் டைம்'. இரண்டும் எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் போனது என்று நாள்வாரியாகக் காட்டும். அம்மாவின் போனில்தான் பிள்ளை பார்க்கிறது என்றால் இரண்டு பேரின் நேரமும் கலந்துதான் தெரியும். அங்கே கொப்பிதான் சாட்சி.

நித்திரையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல், 2 வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்கிறது. 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. கனடாவிலிருந்து பெரியம்மா எடுக்கிற வீடியோ கோலை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆள் எதிரே இருந்து கேள்வி கேட்டுச் சிரிக்கிற உரையாடல் அது. குழந்தை மருத்துவர்களும் அதைத் தனியாகத்தான் பார்க்கிறார்கள்.

பாடசாலை வயதுக்கு எல்லாப் பிள்ளைக்கும் பொருந்துகிற ஒரே எண் கிடையாது. அந்த வயதில் நித்திரையை வைத்துக் கணக்கெடுப்பதே சரியான வழி. 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணித்தியாலமும், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணித்தியாலமும் நித்திரை வேண்டும். இனிக் கொழும்புப் பிள்ளையின் நாளை எடுங்கள். பாடசாலை 7.30க்கு. வேன் 6.15க்கு வாசலில் நிற்கும் என்றால் எழும்புவது 5.15. ஆகக் குறைந்த 9 மணித்தியாலம் நித்திரைக்கு, இரவு 8.15க்குக் கண் மூடியிருக்க வேண்டும். படுக்கைக்கு ஒரு மணித்தியாலம் முன்பே திரை அணைய வேண்டும் என்றால் 7 மணி. மத்தியானம் 1.30க்குப் பாடசாலை விட்டு வீடு வர 2.15; சாப்பாடு, குளிப்பு, 3.30இலிருந்து 5 வரை ரியூஷன், பிறகு ஒரு மணித்தியாலமாவது வெளிக்காற்று. மிச்சம் 6.15 முதல் 7 மணி வரை, முக்கால் மணித்தியாலம். அதற்குள்தான் வீட்டுவேலையும் இரவுச் சாப்பாடும் இடம் கேட்கும்.

இந்தக் கணக்கைப் பிள்ளையோடு உட்கார்ந்து தாளில் போடுங்கள். "அம்மா அரை மணித்தியாலம்தான் விடுவா" என்பதற்கும் "ஒரு நாளில் இவ்வளவுதான் மிச்சம்" என்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டாவதோடு சண்டை பிடிக்க ஆள் இல்லை. ரியூஷன் இல்லாத நாளில் நேரம் தானாகக் கூடும், அதுவும் நியாயம்தான். சனி, ஞாயிறு, போயா நாட்களுக்கு இரண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளுக்குத் தனிச் சட்டம் எழுதுங்கள். பாடசாலை நாள் சட்டத்தை விடுமுறைக்கு இழுத்தால் இரண்டும் கெடும்.

சார்ஜ் போடும் இடம்

இதைவிட மலிவான, இதைவிடப் பலன் தரும் வேலை வேறில்லை. ஹோலில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் கோர்டும் ஒரு தட்டும் வையுங்கள். அதுதான் வீட்டிலுள்ள எல்லாப் போனும் டெப்பும் இரவு தூங்குகிற இடம். 'எல்லா' என்றால் அப்பாவின் போனும்தான். படுக்கை அறைகளில் இருக்கிற சார்ஜர்களைக் கழற்றி எடுத்துவிடுங்கள். சார்ஜர் இருக்கிற இடத்துக்குப் போன் தானாக நடந்து போகும்.

இங்கே பிழைக்கிறது மூன்று. முதலாவது "அலாரத்துக்குப் போன் வேணும்" என்கிற சாக்கு. புறக்கோட்டையில் ஒரு சாதாரண அலாரம் மணிக்கூடு வாங்கிக் கொடுத்தால் அது முடிந்தது. இரண்டாவது, மூடி போட்ட பெட்டிக்குள் அல்லது துணிக்குள் வைத்துச் சார்ஜ் போடுவது. இந்த ஊர்ச் சூட்டில் பற்றரி கொதிக்கும். திறந்த தட்டே போதும். மூன்றாவது பாவிக்காத பழைய போன். அலுமாரிக்குள் சிம் இல்லாமல் கிடக்கிற போனுக்கு வைஃபை போதும், இரவு பதினொரு மணிக்கு அது உயிர் பெறும். பழைய போன்களை எண்ணிப் பாருங்கள், எண்ணி எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.

சில இன்டர்நெட் பொதிகளில் நள்ளிரவுக்குப் பிறகான டேட்டா தனியாக வரும். பகல் டேட்டா முடிந்த வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளை விழித்திருந்து அதைப் பாவிக்கும். இரவில் டேட்டா இறங்குகிறதா என்று மாதத்தில் ஒருமுறை கணக்கைத் திறந்து பாருங்கள். யூடியூப் 480பி தரத்தில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ அரை ஜிபி எடுக்கும், 1080பியில் ஒன்றரை ஜிபிக்குக் குறையாது. இதை வைத்து எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று ஓரளவுக்குக் கணிக்கலாம்.

பகலிலும் இடம் ஒன்றுதான்: ஹோல், அல்லது சாப்பாட்டு மேசை. கதவு சாத்திய அறையில் ஹெட்போனோடு பார்ப்பது 13 வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். இரண்டு அறை பிளாட்டில் இது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறோம். திரை அறையின் பக்கம் திரும்பியிருந்தால் போதும். பக்கத்தில் இருந்து காவல் காக்கத் தேவையில்லை. ஒரு மணித்தியாலம் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் அதைப் போனில் கொடுக்காமல் டிவியில் கொடுங்கள். கண்ணுக்குத் தூரம் கிடைக்கும், என்ன ஓடுகிறது என்று குசினியிலிருந்தே கேட்கும், தங்கச்சியும் சேர்ந்து பார்ப்பாள். போனை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்க்கும் அதே ஒரு மணித்தியாலம் வேறு விஷயம்.

எதில் முடிப்பது

பெரும்பாலான கைகலப்பு இங்கேதான். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பது பிள்ளைக்கு ஒன்றும் சொல்வதில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஐந்து நிமிடம் என்றால் என்னவென்று தெரியாது, கார்ட்டூன் முடிவது தெரியும். ஆகவே நிமிடத்தில் கொடுக்காமல் எண்ணிக்கையில் கொடுங்கள்: இரண்டு எபிசோட், ஒரு மெச், ஒரு படத்தின் பாதி. தொடங்கும்போதே "எது ரெண்டு?" என்று கேட்டுத் தேர்ந்தெடுக்க வைத்துவிட்டால், முடிவும் பிள்ளை தேர்ந்ததாகவே இருக்கும்.

விளையாட்டுகளில் இது இன்னும் கண்டிப்பு. ஃப்ரீ ஃபயரில் ஒரு மெச் பத்து, பதினைந்து நிமிடம் ஓடும். பப்ஜியில் பெரிய வரைபடம் என்றால் அரை மணித்தியாலம் பிடிக்கும். நடுவில் போனைப் பறித்தால் பிள்ளை தோற்பது மட்டுமில்லை, கூட விளையாடுகிற கூட்டாளிகளும் தோற்கிறார்கள். அடுத்த நாள் வகுப்பில் அதற்குப் பேச்சு வாங்க வேண்டும். பிள்ளை கத்துவது அதற்காகவும்தான். 7 மணிக்கு நிறுத்த வேண்டும் என்றால் 6.40க்குப் பிறகு, பப்ஜி என்றால் 6.30க்குப் பிறகு, புது மெச் தொடங்கக் கூடாது என்று சட்டம் போடுங்கள். தொடங்கியதை முடிக்க விடுங்கள். ரோப்ளொக்ஸ், மைன்க்ராஃப்ட் போன்றவற்றுக்கு இயல்பான முடிவு கிடையாது, அவற்றுக்குக் குசினி டைமர் வைத்தே ஆக வேண்டும். டைமரைப் பிள்ளையே திருப்பி வைக்கட்டும்.

ஷோர்ட்ஸ், ரீல்ஸ், டிக்டொக் ஆகியவற்றுக்கு முடிவென்பதே இல்லை, அப்படித்தான் அவை கட்டப்பட்டிருக்கின்றன. 10 வயதுக்குக் கீழே அவற்றை நேரம் குறைத்துக் கொடுப்பதைவிடக் கொடுக்காமலே விடுவது இலகு. அரைகுறையாக விடுவதுதான் தினசரித் தலையிடி. யூடியூப்பில் அடுத்த வீடியோவைத் தானாக ஓட்டுகிற ஓட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். பார்த்தவற்றின் ஹிஸ்டரியை நிறுத்தி, பழையதையும் அழித்துவிட்டால் முகப்பில் பரிந்துரைகள் வந்து குவியாது. தேடினால் மட்டும் வரும். சின்னப் பிள்ளைகளுக்கு யூடியூப் கிட்ஸ். அதிலேயே டைமர் இருக்கிறது. நேரம் முடிந்ததும் ஆப் தானே பூட்டிக்கொள்ளும். ஆப்பில் வருவதெல்லாம் நல்லது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பெட்டி திறக்கிற வீடியோவும் பொம்மை விளம்பரமும் அங்கேயும் உண்டு. பெற்றோர் தெரிவுசெய்த வீடியோக்களை மட்டும் காட்டுகிற ஒழுங்கு அதில் இருக்கிறது. அரை மணித்தியாலம் மினக்கெட்டு அதைச் செய்து வையுங்கள்.

அணைத்த உடனே கையில் வேறொன்று இருக்க வேண்டும். வெறுங்கையோடு விட்டால் பிள்ளை மீண்டும் போனுக்கே வரும். பின்னேரத் தேத்தண்ணி, குளிப்பு, சாப்பாடு, தாத்தாவோடு ஒரு ஆட்டம் கரம் என்று எது வீட்டில் எப்படியும் நடக்கிறதோ, அதற்குச் சற்று முன்பாகத் திரை முடியும்படி நேரத்தை வையுங்கள்.

தீத்தும்போது போன்

பிராக்குக் காட்டித் தீத்துவது நம் வீடுகளில் புதிதில்லை. முன்பு நிலாவும் காகமும், இப்போது போன். காகம் பறந்துவிடும், பிள்ளை திரும்பி அம்மாவைப் பார்க்கும், போன் பறக்காது. திரையைப் பார்த்து வாய் திறக்கிற பிள்ளைக்கு வயிறு நிறைந்ததும் தெரியாது, வாயில் இருப்பது பருப்பா பூசணியா என்பதும் தெரியாது.

ஒரே நாளில் நிறுத்தத் தேவையில்லை. முதலில் காலைச் சாப்பாட்டை எடுங்கள், நாலைந்து நாளில் மத்தியானம், கடைசியாக இரவு. பிள்ளையை மேசையில் எல்லோரோடும் இருத்துங்கள். வழமையாகக் கொடுப்பதில் பாதியை மட்டும் போடுங்கள். கேட்டால் இன்னும் போடலாம். அரை மணித்தியாலத்தில் கோப்பையை எடுத்துவிடுங்கள், சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும். முதல் மூன்று நான்கு நாள் குறைவாகத்தான் சாப்பிடும். பல வீடுகளில் முயற்சி அந்த நாட்களில்தான் முறிகிறது, பெரும்பாலும் அம்மம்மாவின் கையால். முதலிலேயே அவருடன் பேசிவைத்துக்கொள்ளுங்கள். இடையில் பிஸ்கட்டும் பாலும் கொடுத்து ஈடுசெய்தால் பசியே வராது. நிறை குறைந்த பிள்ளை, நோயிலிருந்து எழும்பிய பிள்ளை என்றால் டொக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

நிறமும் எண்ணும் ஆங்கிலத்தில் கடகடவென்று சொல்லும், தண்ணீர் வேண்டும் என்று மட்டும் சொல்லத் தெரியாது: இப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் அதைக் கெட்டித்தனம் என்று எண்ணி விடாதீர்கள். கார்ட்டூன் பேசிக்கொண்டிருக்கும், பதிலுக்குக் காத்திருக்காது. பேச்சு வளர்வது பதில் வாங்கிக் கொடுத்துத்தான். 2 வயது முடிந்தும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாவிட்டால் போனை எடுத்துவிட்டு "பார்ப்போம்" என்று காத்திருக்காமல், கிளினிக் கொப்பியோடு எம்ஓஎச் கிளினிக்குக்குப் போங்கள்.

வட்ஸ்அப் வீட்டுவேலை

கொரோனா காலத்தில் வீட்டுக்குள் வந்த பழக்கம் இது, பாடசாலைகள் திறந்த பின்னும் போகவில்லை. பாடம் அனுப்புகிற குரூப்பும் ரியூஷன் குரூப்பும் போனில்தான். "படிக்கிறேன்" என்று போனை வாங்கி அறைக்குள் போனால் யாரும் மறுக்க முடியாது.

குரூப்புகளைப் பெற்றோரின் போனில் மட்டும் வையுங்கள். வட்ஸ்அப்புக்குக் குறைந்த வயதே 13. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தனிக் கணக்கு தேவையில்லை. வந்த பாடத்தை ஒருமுறை பார்த்து, கொப்பியில் எழுத வேண்டியதை எழுதிவிட்டுப் போனை எடுத்துவிடலாம். பக்கம் கூடுதல் என்றால் பீடிஎஃப் ஆக்கி, சந்தியிலுள்ள கொமியூனிகேஷனில் பிரின்ட் எடுங்கள். புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்களைத் திரையில் பார்த்துச் செய்யவே விடாதீர்கள். பரீட்சை தாளில்தான் நடக்கிறது, தாளில் செய்து பழகட்டும். வீட்டில் கொம்பியூட்டர் இருந்தால் அதில் வட்ஸ்அப்பை இணைத்துவிட்டு, சூம் வகுப்பையும் அங்கேயே எடுக்கலாம். வகுப்பு நடக்கும்போது வேறு ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்க்கத் தலையை நீட்ட வேண்டாம். திரையின் முதுகு சுவர்ப்பக்கம் இருக்கும்படி வைத்தாலே தெரியும்.

வகுப்பு நேரத்தை விளையாட்டு நேரத்தில் கழிக்கக் கூடாது. இரண்டு மணித்தியாலம் சூமில் இருந்த பிள்ளையிடம் "இன்றைக்கு உன் நேரம் முடிஞ்சுது" என்பது அநியாயம். ஆனால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். பிளாட் என்றால் பல்கனிக்கு வந்து எதிர்க் கட்டடத்தைப் பார்த்தால் கணக்குச் சரி.

இனி பூட்டுகள்

மேலே சொன்னவை இரண்டு வாரம் நடந்த பிறகுதான் இதைத் தொட வேண்டும். எதை எப்போது பூட்டுகிறீர்கள் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டே செய்யுங்கள். ஒளித்துவைத்த பூட்டைக் கண்டுபிடித்த பிள்ளை, பிறகு ஒளித்தே பார்க்கும்.

அம்மாவின் போனைப் பிள்ளை பாவிக்கிற வீட்டில் முதல் வேலை நேரமில்லை, காசு. அந்தப் போனில் வங்கி ஆப்பும் ஓடிபியும் இருக்கிறது. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு கொள்வனவுக்கும் பாஸ்வேர்ட் கேட்கும்படி வையுங்கள், சேமித்த கார்ட்டை எடுத்துவிடுங்கள். விளையாட்டுக்கு டயமண்ட் வாங்கிய பில் மாதக் கடைசியில்தான் தெரியவரும். பிறகு செட்டிங்ஸில் 'ஆப் பின்னிங்' என்று தேடுங்கள். அதை ஒன் பண்ணி, வெளியேறப் பின் நம்பர் கேட்கும் தெரிவையும் ஒன் பண்ணுங்கள். பிறகு ஒரு ஆப்பைத் திறந்து பின் பண்ணிக் கொடுத்தால், அந்த நம்பர் இல்லாமல் அதைவிட்டு வெளியே வர முடியாது. ஐபோனில் இதே வேலைக்கு 'கைடட் அக்சஸ்'.

பிள்ளைக்கென்று தனி அன்ட்ரொய்ட் போனோ டெப்போ இருந்தால், கூகுள் ஃபெமிலி லிங்க். பெற்றோர் போனில் ஆப்பைப் போட்டு, சரியான பிறந்த திகதியோடு பிள்ளைக்குத் தனி கூகுள் கணக்கு உருவாக்கி, பிள்ளையின் போனில் அந்தக் கணக்கால் மட்டும் நுழையுங்கள். நாளாந்த எல்லை, இரவு பூட்டும் நேரம், ஆப்புக்கு ஆப் எல்லை, புது ஆப் போட அனுமதி கேட்பது எல்லாம் அதில் வரும். பூட்டிய பின்னும் அழைப்பு எடுக்கலாம் என்பதால் "அவசரத்துக்குப் பேச முடியாதே" என்கிற கவலை வேண்டாம். பிழைக்கிற இடம் எப்போதும் ஒன்றே: வயதைக் கூட்டிப் போட்ட கணக்கு, அல்லது அப்பாவின் கணக்கையே பிள்ளையின் போனிலும் போட்டது. இரண்டிலும் மேற்பார்வை வேலை செய்யாது.

ஐபோனில் ஸ்க்ரீன் டைமுக்கு நாலு இலக்க பாஸ்கோட் வேண்டும்; பிள்ளையின் பிறந்தநாளைப் போடாதீர்கள். ஆப் எல்லை போடும்போது 'எல்லை முடிந்ததும் தடு' என்கிற கட்டளையை ஒன் பண்ண மறந்தால், நேரம் முடிந்த பின்னும் ஒரு தட்டலில் தொடரலாம். எல்லை வேலை செய்யவில்லை என்று சொல்கிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆப்பை அழிப்பதையும் அங்கேயே தடுத்துவையுங்கள்; அழித்துவிட்டு மீண்டும் போடுவது பிள்ளைகளுக்குத் தெரிந்த குறுக்குவழி.

இவ்வளவு செய்த பிறகும் பூட்டு உடைந்தால், முக்கால்வாசி நேரம் காரணம் தொழில்நுட்பம் இல்லை. அம்மாவின் போன் பின் நம்பர் பிள்ளைக்குத் தெரியும். அம்மா குளிக்கப் போக, அதைத் திறந்து தனக்குத் தானே மேலதிக நேரம் கொடுத்துக்கொள்ளும். பின் நம்பரை மாற்றுங்கள், தோளுக்குப் பின்னால் ஆள் நிற்காத நேரத்தில்.

ரவுட்டரில் செய்வது வீட்டிலுள்ள எல்லாக் கருவிக்கும் ஒரே அடியாகப் பொருந்தும், ஸ்மார்ட் டிவி உட்பட. ரவுட்டரின் அடியிலுள்ள ஸ்டிக்கரில் முகவரியும் பாஸ்வேர்ட்டும் இருக்கும். முகவரி பெரும்பாலும் 192.168.1.1. உள்ளே போனதும் முதலில் அந்த பாஸ்வேர்ட்டை மாற்றுங்கள், ஸ்டிக்கரைப் பிள்ளையாலும் வாசிக்க முடியும். பிறகு 'பேரன்டல் கன்ட்ரோல்' பகுதியில் பிள்ளையின் கருவியைத் தேர்ந்து நேரம் போடலாம். இதில் இரண்டு சறுக்கல். ரவுட்டரின் மணிக்கூடு இலங்கை நேரத்தில், அதாவது +5.30இல், இல்லாவிட்டால் 7 மணிக்குப் பூட்ட வேண்டியது நள்ளிரவு தாண்டித்தான் பூட்டும். மற்றது, ரவுட்டர் கருவியை அடையாளம் காண்பது மெக் முகவரியால், அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள இலக்கத்தால். புதிய போன்கள் அதை மறைத்து வேறொரு முகவரியைக் காட்டும். பிள்ளையின் போனில் வீட்டு வைஃபை செட்டிங்ஸுக்குப் போய், கருவியின் சொந்த மெக்கைப் பாவிக்கும்படி மாற்றிவிட்டால் சரி. தளத்தின் பெயரை வைத்து அது இருக்கும் இடத்தைத் தேடித் தருகிற டிஎன்எஸ் பகுதியில் 1.1.1.3, 1.0.0.3 என்ற இரண்டையும் கொடுத்தால் வயதுக்கு ஒவ்வாத தளங்களில் பெரும்பங்கு திறக்காது. நேரத்தை அது குறைக்காது.

ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்குவது எல்லாவற்றையும்விடச் சுலபம் என்று நினைக்கலாம். ஃபைபர் இணைப்பில் வீட்டு டெலிபோனும் அதோடு செத்துவிடும், சிசிடிவி இருந்தால் அதுவும். அதோடு, அம்மம்மாவின் போன் டேட்டாவில் ஹோட்ஸ்பொட் போட்டுக்கொள்ளப் பிள்ளைக்கு அரை நிமிடம் போதும். அம்மம்மாவின் போனுக்கும் ஒரு பின் நம்பர் வையுங்கள், பிள்ளைக்குத் தெரியாததாக.

போனுக்குப் பதிலாக என்ன

முற்றமில்லாத பிளாட்டில் "வெளியில போய் விளையாடு" என்று சொல்வது லேசு, போவதற்கு இடம் வேண்டுமே. கொழும்பில் வருடம் முழுக்கச் சூரியன் மறைவது ஆறு மணியை ஒட்டித்தான், அதனால் 5 மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் பொழுது எப்போதும் கிடைக்கும். பகல் வெளிச்சத்தில் கழிகிற நேரம் கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடுகிறது. கண் மருத்துவர்கள் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் வரை கேட்கிறார்கள். பாடசாலை இடைவேளையையும் சேர்த்து எண்ணினால் அது எட்டாத தொகை இல்லை. வெள்ளவத்தைப் பக்கம் கடற்கரை உண்டு, ஆனால் ரயில் பாதை கடக்க வேண்டும். பெரியவர் இல்லாமல் அனுப்பக் கூடாது. காலிமுகத்திடல், விகாரமகாதேவி பூங்கா, சுதந்திர சதுக்கம் எல்லாம் வார இறுதிக்கு. வார நாட்களுக்கு மொட்டைமாடியும் கார் நிறுத்துகிற இடமும்தான். பிளாட்டில் நாலு வீட்டுப் பெற்றோர் பேசி, ஆளுக்கொரு நாள் கீழே நின்று பார்த்துக்கொண்டால் பட்மின்டன் மட்டையும் ஒரு பந்தும் போதும். அதே நேரத்துக்கு நாலு வீட்டிலும் திரை அணைந்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை; ஒரு வீட்டில் ஓடினால் கீழே இறங்கிய பிள்ளையெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்.

ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியோடு கொட்டும்போது இதெல்லாம் நடக்காது. அந்த நாட்களுக்கு கரம் போர்ட்டும் தாயமும் வைத்துக்கொள்ளுங்கள். கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் வெள்ளவத்தையிலேயே இருக்கிறது; மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை அங்கே போய் வருவதை வழக்கமாக்கினால் வீட்டில் புத்தகம் கிடக்கும். கிடந்தால்தான் எடுக்கும்.

மாலையில் ஹோலில் நாடகத் தொடர் ஓடிக்கொண்டிருந்தால் மேலே சொன்ன ஒன்றும் நிற்காது. அதைத் தாத்தா பாட்டியிடம் சொல்வது மருமகள்மாருக்குக் கஷ்டம்; மகனோ மகளோ சொல்லட்டும். எட்டு மணிக்குப் பிறகு பார்க்கலாம், அல்லது மறுநாள் பகலில் யூடியூப்பில் பார்க்கலாம் என்று வழியையும் சேர்த்துச் சொன்னால் கோபம் குறையும்.

மீறினால்

பிள்ளை சட்டத்தை மீறும் என்று வைத்துக்கொண்டே சட்டம் போடுங்கள். தண்டனை சிறியதாகவும் அடுத்த நாளோடு முடிவதாகவும் இருக்கட்டும். பதினைந்து நிமிடம் கூட எடுத்தால் நாளைக்குப் பதினைந்து நிமிடம் குறையும், அவ்வளவுதான். "ஒரு மாசத்துக்குப் போன் இல்லை" என்று கோபத்தில் சொன்னால் நாலாம் நாள் நீங்களே சமைக்க முடியாமல் கொடுப்பீர்கள்; பிறகு எந்தச் சொல்லுக்கும் மதிப்பில்லை. பரீட்சைப் புள்ளிக்குப் பரிசாகப் போன் நேரம் கொடுப்பதும் வேண்டாம். அது போனைத் தங்கமாக்கிவிடும்.

சாதாரண தரத்துக்கு வருகிற பிள்ளைக்கு இந்தப் பூட்டெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட வேண்டும். 14 வயதில் ஆப் எல்லைகளை எடுத்துவிட்டு இரவுச் சட்டத்தை மட்டும் வைக்கலாம். தவணைக்கு ஒருமுறை இருந்து பேசி அடுத்ததைத் தளர்த்தலாம். இரவில் சார்ஜ் தட்டு மட்டும் கடைசி வரை இருக்கட்டும்.

சில விஷயம் நேரச் சட்டத்துக்குள் அடங்காது. போனை எடுத்ததும் தன்னையோ பிறரையோ அடிப்பது, பாடசாலைக்குப் போக மறுப்பது, சாப்பாடும் நித்திரையும் வாரக்கணக்கில் குலைவது போன்றவற்றுக்கு, பூட்டை இறுக்காமல் டொக்டரிடம் போங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கும் எடுக்கலாம். யாரோ ஒன்லைனில் படம் கேட்டுப் பயமுறுத்துகிறார்கள் என்று தெரியவந்தால் பிள்ளையைத் திட்ட வேண்டாம், செய்திகளை அழிக்கவும் வேண்டாம். ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள்.